நான்காவது கல்

ஜூன் 3, செவ்வாய்

புத்தாண்டுக்கு ஒரு வங்கி எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிய டைரி இது. ஐந்து மாதமாக என் மேசை இழுப்பறையில் பசைப் புட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். திருமணமாகி எட்டு மாதமாகிறது. இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு குளியலறைக்கு மட்டும்தான் உண்டு. மூடிவைக்க எனக்கென்று ஒரு டைரியாவது இருக்கட்டும்.

தேனி பழகிவிட்டது. அத்தை பேச்சியம்மாளும் பழகிவிட்டார். குழம்பில் உப்புக் கூடினால் அவர் என்னைக் குறை சொல்வதில்லை, உப்பைத்தான் திட்டுவார். பழகாதது ஒன்றே ஒன்று, என் கணவரின் விசில். அவர் பெயர் தெய்வேந்திரன். அரசுப் பேருந்து டிப்போவில் உதிரிபாகக் கிடங்கின் ஸ்டோர் கீப்பர். காலை ஆறே காலுக்குக் குளிக்கப் போவார். முதல் குவளைத் தண்ணீரோடு விசில் தொடங்கும். ஏதோ பழைய சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு என்று எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. நான் படிக்க உட்காரும் நேரமும் அதுதான். இன்று ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று விசில் பாதியில் நின்றுவிட்டது. நாற்பது பக்கம் படித்தேன். அமைதி எவ்வளவு நல்லது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றும் இன்றும் விசில் இல்லை. ஆறு பக்கம் படித்தேன். ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். அத்தை உப்பைத் திட்டினார்.

ஜூன் 11, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டதை மேலதிகாரிக்குச் சொல்லும் குரல்.

"வசு, ஒண்ணு சொல்லணும். பயப்படாத."

"சொல்லுங்க."

"ஒரு ஐட்டம் கூட இருக்கு."

"டிப்போவுலயா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

கண்ணால் கீழே காட்டினார். நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்.

"அங்க இல்ல வசு. எங்கிட்ட."

ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போடும்போது கையில் தட்டுப்பட்டதாம். இடது பக்கம், கோலிக்குண்டு அளவு. "மூணு நாளா எண்ணிப் பாக்குறேன். டேலி ஆகவே இல்ல. ஆனா வலி கிடையாது, அதுவரைக்கும் நல்லது" என்றார்.

அந்த இடத்தின் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. டைரியிடமே இப்படி என்றால் டாக்டரிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

வலி இல்லாததை அவர் நல்ல செய்தி என்று நினைக்கிறார். நான் படித்த புத்தகங்கள் அப்படிச் சொல்லவில்லை. மடித்து வைத்த துணியையெல்லாம் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

"ஹெர்னியான்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்ற."

"வகைப்படுத்துறேன்" என்றேன். நூலகத்தில் இடம் தெரியாத புத்தகத்தை அதற்குப் பக்கத்து எண்ணில் வைப்பது வழக்கம்தான்.

ஜூன் 14, சனி

தெருமுனை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் ஸ்கேன் என்றால் கர்ப்பம் என்றுதான் பொருள். கூடம் நிறையக் கர்ப்பிணிகள். டோக்கன் கொடுக்கிற பெண் நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"எல்லாரும் ஒரு லிட்டர் தண்ணி குடிங்க! கூப்புடுற வரைக்கும் பாத்ரூம் போகக் கூடாது!"

அவர் அரசு ஊழியர். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். ஒரு லிட்டர் குடித்தார். பாதுகாப்புக்கு இன்னொரு லிட்டரும் குடித்தார். ஒன்றரை மணி நேரம் போனது. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, பக்கத்து நாற்காலியில் எட்டு மாத வயிற்றோடு இருந்த பெண் மனமிரங்கிவிட்டாள்.

"அண்ணே, மூச்ச இழுத்து மெதுவா விடுங்க. எனக்கும் இப்படித்தான் இருக்கும்."

அவர் மூச்சை இழுத்து மெதுவாக விட்டார்.

டோக்கன் பெண் வரிசையாகக் கூப்பிட்டாள். "வயிறு யாரு? அஞ்சு மாசம் யாரு? கழுத்து யாரு? விதைப்பை யாரு? விதைப்பை! இருக்கீங்களா இல்லையா?"

கூடம் முழுக்கத் திரும்பியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அவரால் எழ முடியவில்லை. யாராவது ஒருவர் எழத்தானே வேண்டும்.

"நீங்களாம்மா?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்து" என்றேன்.

உள்ளே ஸ்கேன் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு எதுக்குத் தண்ணி குடிச்சீங்க?" முதலில் அவரைக் கழிவறைக்கு அனுப்பிவைத்தார்.

பத்து நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் பார்த்தார்கள். நான் திரைச்சீலையின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழு.

"கட்டி மாதிரி தெரியலம்மா. மத்த ரெண்டும் எப்படி இருக்கோ அப்படியேதான் இதுவும் இருக்கு, அளவு மட்டும் சின்னது. ரத்த ஓட்டமும் இருக்கு. மூணாவது விதை. பிறவியிலேயே இருந்திருக்கும், இப்பத்தான் கையில பட்டிருக்கு. இருபது வருசத்துல நான் பாக்குறது இதான் மொதத் தடவ. எதுக்கும் மதுரையில பெரிய டாக்டரப் பாத்து உறுதிப்படுத்திக்கங்க."

ஆக, அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். டைரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 16, திங்கள்

கட்டி இல்லை என்ற பிறகு அவருக்கு முகம் தெளியும் என்று நினைத்தேன். நேர்மாறாக இருக்கிறது. இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"மூணு" என்றார் இன்று காலை, யாரிடமும் இல்லாமல்.

இந்த வீட்டில் மூன்று என்ற எண்ணுக்கு உள்ள அவப்பெயரைப் பற்றி எழுத வேண்டும். மூன்று பேராக எங்கும் கிளம்பமாட்டார்கள். வேறு வழியில்லாமல் மூன்று பேராகப் போகவேண்டி வந்தால் வாசலில் ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள். கல் நான்காவது ஆள். போன வருடம் போடிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். அவரும் அத்தையும் வருவதாக இருந்தது; கடைசி நேரத்தில் அவருடைய தாய்மாமாவும் வண்டியில் ஏறிவிட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு நாற்காலி போட்டிருந்தது. மூன்றில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நான்காவதில் அத்தை ஒரு கூழாங்கல்லை வைத்தார். விவரம் தெரியாத என் அப்பா, மரியாதை குறையக் கூடாது என்று, கல்லுக்கு முன்னாலும் ஒரு தட்டு கேசரி வைக்கச் சொன்னார். கடைசியில் அதையும் தாய்மாமாதான் சாப்பிட்டார்.

அந்தக் கல் இப்போது எங்கள் அறை ஜன்னலில் இருக்கிறது. ராசியான கல்லாம். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்ததற்கு நான் காரணமில்லை, அது காரணம்.

ஜூன் 19, வியாழன்

மதுரை. இரண்டு பேராகப் போனதால் கல் தேவைப்படவில்லை.

டாக்டர் ஜெபராணி சிறுநீரியல் நிபுணர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குட்டையான உருவம், பெரிய குரல். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் இவர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க சார். நான் பாக்காததா? உங்ககிட்ட இருக்கிற மூணாவதத் தவிர எல்லாம் பாத்தாச்சு."

மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி. அது நிறைய மஞ்சளும் பழுப்புமாகக் கற்கள். நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து அவரே எடுத்தவையாம். கண் பார்வை படுகிற இடத்தில் வைத்திருந்தால் வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்கிறார்.

பரிசோதித்துவிட்டு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வயிற்றுக்குள் கரு உருவாகும்போது ஒரு சின்ன மேடு இரண்டாகப் பிரிந்துவிடுவதால் இப்படி நேர்கிறதாம். உலகம் முழுக்கவே சில நூறு பேருக்குத்தான் இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இடது பக்கம். பெரும்பாலும் தொந்தரவில்லை. கட்டி வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். திடீரென்று முறுக்கிக்கொண்டு வலி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும். இப்போதைக்கு ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு எம்ஆர்ஐ. ஜூலை ஒன்பதாம் தேதி கிடைத்தது.

"இதுல எது எக்ஸ்ட்ரா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"மூணும் சொந்தக்காரங்கதான். வாடகைக்கு வந்தது யாருமில்ல."

"எடுத்துடலாமில்ல?"

"எதுக்கு?"

எனக்குத் தெரியும் எதற்கென்று.

ஜூன் 23, திங்கள்

ரத்த அறிக்கை வந்துவிட்டது. பார்க்கச் சொன்ன மூன்றில் ஒன்று, கர்ப்பம் தரித்தால் பெண்களுக்கு ஏறும் ஹார்மோன். ஆண்களுக்கு அது ஏறினால் கட்டியாக இருக்கலாமாம். லேப்பில் இருந்த பெண்ணுக்கு அது தெரியாது. சீட்டையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"சார், நெகட்டிவ். கவலப்படாதீங்க, இன்னும் வயசு இருக்கு."

என் கணவர் கர்ப்பமாக இல்லை. மற்ற இரண்டும் சரியாகவே இருக்கின்றன. லேப் படிக்கட்டில் அப்படியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் அதிகம்.

ஜூன் 25, புதன்

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. துவைப்பதற்காகத்தான் பையைப் பார்த்தேன்.

"பெறுநர்: மருத்துவர் அவர்கள். பொருள்: உபரி உறுப்பு ஒன்றினைக் கழிவு செய்யக் கோருதல் தொடர்பாக. ஐயா/அம்மா, மேற்படி பொருளில் கண்டவாறு என் வசம் அனுமதிக்கப்பட்ட அளவு இரண்டு. கையிருப்பு மூன்று. உபரி ஒன்றினால் குடும்பத்திற்கு இடையூறு நேரலாம் எனக் கருதுவதால், ஜூலை ஒன்பதாம் தேதியன்றே அதனை அகற்றி இருப்பைச் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: ஸ்கேன் நகல் ஒன்று."

சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது "குடும்பத்திற்கு" என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. குடும்பம் என்றால் அத்தையும் நானும்தான்.

மடித்து அதே பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்கவில்லை.

ஜூன் 28, சனி

சண்டை. எட்டு மாதத்தில் முதல் சண்டை. கத்தியவள் நான் மட்டும்தான்.

பகுத்தறிவோடுதான் ஆரம்பித்தேன். எந்த எண்ணுக்கும் யார்மீதும் விரோதம் கிடையாது என்றேன். நூலகத்துக்கு ஒரு புத்தகத்தின் மூன்றாம் பிரதி வந்தால் யாரும் கிழித்துப் போடுவதில்லை என்றேன். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம், அடுப்புக்கு மூன்று கல், மின்விசிறிக்கு மூன்று இறக்கை என்றேன்.

"எங்க டிப்போவுல ஒரு வண்டியும் மூணு சக்கரத்துல ஓடாது" என்றார்.

"நல்லா இருக்கிற உறுப்ப ஒரு எண்ணுக்குப் பயந்து அறுத்துக்கப் போறீங்களா? மூணுக்கும் ரத்தக்குழாய் ஒண்ணா இருந்து, ஒண்ண எடுக்கப் போய் இன்னொண்ணும் போச்சுன்னா?"

"அப்ப ரெண்டு குறைஞ்சு ஒண்ணுதான் மிச்சமா?" என்று உடனே கணக்குப் போட்டு இன்னும் வெளிறிப்போனார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, ஜன்னலிலிருந்த ராசிக் கல்லை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டேன். கீழே பால்காரர் "யாருங்க அது!" என்று கத்தினார். சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் கல்லு எடுக்கக் கூடாது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க."

"ஏத்தா வசு, ஹெர்னியாவுக்கும் கல்லுக்கும் என்னத்தா சம்பந்தம்?" என்றார் அத்தை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்தார். அவரும் செய்தார்.

அறிவு வென்றது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கல்லூரியிலிருந்து வந்து அத்தையோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். அத்தையின் எதிரில் சுவரில் மாமனாரின் படம். நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டவர். பேருந்துக் கண்டக்டர். படத்தில் வலது கையை மார்பில் வைத்திருப்பார். அந்தக் கையில் ஆறு விரல். போட்டோக்காரர் மறைக்கச் சொன்னாராம், மாமனார் மாட்டேன் என்றாராம்.

"கல்லத் தூக்கிப் போட்டதுக்கு ஒன்னயத் தப்பு சொல்லலத்தா" என்று அத்தை தானாகவே ஆரம்பித்தார். "ஆனா தெய்வா ஏன் அப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்க. நாலு வருசம் முன்ன ஒங்க மாமா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாக. ஆம்புலன்ஸ்ல அவுக, நானு, இவன். மூணு பேரு. எப்பவும் கல்லு எடுக்குறவன் இவன்தான். அன்னைக்கு அவசரத்துல செருப்புகூடப் போடல. திரும்பி வரும்போது நாங்க ரெண்டு பேரு. ரத்தக்குழா அடைப்புன்னு டாக்டரு தலையில அடிச்சுச் சொன்னாரு. இவன் காதுல ஏறல. கல்லு கல்லுன்னே கெடந்தான்."

ஓட்டுநரையும் சேர்த்தால் நான்கு பேர்தானே என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

வெங்காயம் இந்த முறை காரம் அதிகம்.

ஜூலை 2, புதன்

காலையில் கோலம் போடப் போன சாக்கில் தெருவில் தேடினேன். சாலை போடுவதற்காக இரண்டு லாரி ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். சும்மாதான் தேடினேன்.

ஜூலை 9, புதன்

நீளமாக எழுத வேண்டும்.

நானும் அவரும் போவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பார்த்தால் அத்தை புதுச் சேலை கட்டி, எலுமிச்சை சாதப் பையோடு வாசலில் நிற்கிறார். "மகனுக்கு ஹெர்னியான்னா நான் வராம எவ வருவா?" அத்தை, அவர், நான். மூன்று பேர். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியம் நினைவுக்கு வந்தது. யாரும் குனியவில்லை. வீட்டைப் பூட்டவேண்டியிருந்ததால் நான்தான் கடைசியாகத் தெருவில் இறங்கினேன்.

எம்ஆர்ஐ அறை வாசலில் ஊழியர் ஒரு தட்டை நீட்டி, பையில் இருப்பதையெல்லாம் போடச் சொன்னார். கைபேசி, சாவி, பேனா, சீப்பு. பிறகு என் கணவர் தயங்கினார்.

"அதென்ன சார், உப்பலா?"

ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்துத் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கல்லு எதுக்கு சார்?"

"டிப்போ சாம்பிள்."

அத்தை வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சத்தியத்தை மீறியது அவர்தான். என் கைப்பையின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அறிக்கையோடு டாக்டர் ஜெபராணியின் அறைக்குள் போனோம். அத்தையை வெளியே உட்காரச் சொன்னோம். அத்தை உள்ளே வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அறிக்கையைப் படித்தார். அந்த ஜாடியில் மேல் வரிசையில் மட்டும் பத்தொன்பது கற்கள்.

"சுத்தமா இருக்கு. கட்டி இல்ல, கெட்டது எதுவும் இல்ல. மூணாவதா ஒரு விதை, அவ்வளவுதான். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்ட ஒருதடவ குடுங்கம்மா, அளவு ஒத்துப் பாத்துடுறேன்."

அறிக்கை என் கைப்பையில் இருந்தது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஏதோ தூசி. அவசரமாக உருவினேன். அதோடு சேர்ந்து ஒரு ஜல்லி வெளியே வந்து, டாக்டரின் மேசைக் கண்ணாடியில் டணாரென்று விழுந்து, உருண்டு, ஜாடியில் முட்டி நின்றது.

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயுமா வசு?"

"பேப்பர் வெயிட்" என்றேன்.

அத்தை பெருமூச்சு விட்டு, எலுமிச்சை சாதப் பைக்குள் கைவிட்டு, தூக்குப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இனி ஒளிச்சு என்ன ஆகப்போகுது." இவரும் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து வைத்தார். மேசையில் வரிசையாக மூன்று கற்கள்.

"மூணு" என்றார் இவர் ஈனக் குரலில்.

"அது கெடக்கட்டும்" என்று அத்தை டாக்டர் பக்கம் திரும்பினார். "மூணாவதா வெதையா? அப்ப ஹெர்னியா?"

"ஹெர்னியாவா? யாருக்கு?" என்றார் டாக்டர்.

நான் ஜாடியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் முழுவதையும் அத்தைக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, "உங்க மகன் அத எடுக்கணும்னு லெட்டர் குடுத்திருக்கார். என் ஃபைல்ல இருக்கு. எனக்கு இஷ்டமில்ல. எடுக்குறதால லாபம் ஒண்ணுமில்ல, ஆபத்து இருக்கு" என்றார்.

இவர் எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏண்டா தெய்வா" என்றார் அத்தை. "ஒங்கப்பனுக்கு எத்தன வெரலுடா?"

"ஆறு."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல அத வெட்டிட்டு வரச் சொன்னாக. அவுக என்ன சொன்னாக தெரியுமா? அந்த வெரல்லதான் டிக்கெட்டே கிழிக்கிறேன், வேல பாக்குறவன எதுக்கு டிஸ்மிஸ் பண்ணணும்னாக. முப்பது வருசம் அந்த வெரலு வேல பாத்துச்சு. ஒன்னயத் தூக்கி வளத்ததும் அந்தக் கையிதான். நீ என்னடான்னா நல்லா இருக்கறத அறுத்துப் போடணும்ங்குற."

"ஆனா மூணும்மா..."

டாக்டர் கையை உயர்த்தினார். ஜாடியைத் திறந்து, விரலால் துழாவி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எங்கள் மூன்று ஜல்லிகளின் வரிசைக் கடைசியில் வைத்தார். புளியங்கொட்டை அளவில் பழுப்பாக இருந்தது.

"உங்களுக்கு நாலாவதா ஒண்ணு வேணும். அவ்வளவுதானே? இது ஒரு ரிட்டயர்டு தாசில்தாரோட கிட்னியில இருந்தது. ரொம்பப் பிடிவாதம் பிடிச்ச கல்லு, நாலு மணி நேரம் போராடி எடுத்தேன். நல்லாக் கழுவினதுதான். வச்சுக்குங்க."

அத்தை அதைத் தொடாமல், கைகூப்பிக் கும்பிட்டார்.

இவர் அந்தக் கல்லைப் பார்க்கவே இல்லை. என் ஜல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் இரண்டு லாரி கிடக்கிறது.

"இருக்கட்டும் டாக்டர்" என்றார் கடைசியில். "ஓடுற பார்ட்ட நாங்க கழிவு பண்றதில்ல."

எல்லாம் சிறுநீரகக் கல்லின் மகிமை என்றே நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை குளிக்கும்போது தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவோ கெட்டித்தன்மையோ மாறினால் உடனே வர வேண்டும். வருடம் ஒருமுறை ஸ்கேன். தண்ணீர் குடிக்கத் தேவையில்லை. வெளியே வரும்போது நான்கு கல்லையும் அவர் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேருந்து நிலையம் வரை ஒரு பக்கம் சாய்ந்தபடியே நடந்தார். பேருந்தில் எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். ஆண்டிபட்டி தாண்டியதும் சாதப் பையைப் பிரித்தோம். எலுமிச்சை சாதத்தில் உப்பே இல்லை. அத்தை யாரையும் திட்டவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆறே கால். விசில்.

எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. புத்தகத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததாக அத்தை சொல்கிறார். இருக்காது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் மாதாந்தரச் சோதனை. இவர் எதையும் முறைப்படிதான் செய்வார். டிப்போவில் ஒவ்வொரு உதிரிபாகத்தின் அலமாரியிலும் ஓர் இருப்பு அட்டை தொங்கும். அப்படி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் பீரோவின் உள்கதவில் ஒட்டியிருக்கிறார். பொருளின் பெயர் என்ற இடத்தை மட்டும் என் மானத்தைக் கருதிக் காலியாக விட்டிருக்கிறார். பீரோ மேல் தட்டில் நான்கு கற்களும் வரிசையாக இருக்கின்றன. தாசில்தார் தனியாக ஒரு குங்குமச் சிமிழில்.

விசில் அடித்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தார். தலையைத் துவட்டியபடி அட்டையில் எழுதினார்: "3.8. இருப்பு: மூன்று. நிலை: நன்று." கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எனக்கெதுக்கு?"

"ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு ரெண்டு கையெழுத்து வேணும். ஸ்டோர் கீப்பர் சொன்னா மட்டும் ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

இதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. நூலகத்திலும் அதுதான் விதி. சரிபார்க்காமல் ஒப்பமிடக் கூடாது. அந்தப் பழக்கமாக இருக்கலாம். அவர் காது சிவந்ததை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அத்தை காய்கறிச் சந்தைக்குப் போயிருக்கிறார். வர ஒரு மணி நேரமாகும். எங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. நாற்காலியை முட்டுக் கொடுத்தால் நிற்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அட்டையில் என் கையெழுத்தும் இருக்கிறது.